காகிதக் கயிறும் வச்சிரப் பசையும்: ஒரு தேக்கு நாற்காலியைப் பிரித்துக் கோத்த அனுபவம்

பழைய நாற்காலி வாங்கப் போகிறவர்களில் பலர் முதலில் அதில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். நான் முதலில் கவிழ்த்துவிடுவேன். மேலே தெரிவது பாலிஷ். தச்சு வேலை கீழேதான் இருக்கிறது. எங்கே பசை வழிந்தது, எந்தச் சட்டம் இடம் பெயர்ந்தது, பின்னால் வந்தவர்கள் எதை ஆணியடித்துச் சமாளித்தார்கள் என்பதெல்லாம் கால்கள் மேலே போனபிறகே வெளிவரும்.

இந்தப் பதிவு ஒரே ஒரு நாற்காலியைப் பற்றியது. கைப்பிடி இல்லாத, உணவு மேஜையோடு போடும் தேக்கு நாற்காலி. இருக்கை காகிதக் கயிற்றால் பின்னியது. அடியில் முத்திரை இல்லை, சூடு போட்ட எழுத்து இல்லை, ஒட்டிய வில்லையும் இல்லை. விற்றவர் "இது வெக்னர் வடிவமைத்தது" என்று உறுதியாகச் சொன்னார். வெக்னர் டென்மார்க்கின் பெயர்பெற்ற நாற்காலி வடிவமைப்பாளர். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வந்த டேனிஷ் பொருள்களில் முத்திரை இல்லாத எந்த நாற்காலியும் விற்பவர் வாயில் வெக்னராகிவிடும் என்பது எனக்குப் பழகிப்போன விஷயம். அவரை மறுத்துப் பேசவில்லை. பின்கால் மேலே போகப்போக மெலிந்து, முதுகுப்பட்டை சேரும் இடத்தில் மட்டும் மீண்டும் தடித்திருந்தது. பலம் தேவைப்படும் இடத்தில் மரத்தை விட்டுவைத்து, தேவைப்படாத இடத்தில் இழைத்து எடுத்த கை அது. அதற்காகவே வாங்கினேன்.

பெயர் உள்ளவற்றைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பழுது பார்க்கும் முறையை அவைதான் கற்றுக்கொடுக்கின்றன. ஹான்ஸ் வெக்னர் 1949இல் வடிவமைத்த சிஎச்24 நாற்காலியை கார்ல் ஹான்சன் நிறுவனம் 1950 முதல் இன்றுவரை செய்துவருகிறது. முதுகில் ஆங்கில ஒய் எழுத்தைப் போன்ற பட்டை இருக்குமே, அதுதான். அதன் இருக்கைக்கு ஏறத்தாழ 120 மீட்டர் காகிதக் கயிறு ஆகும். போர்கே மோகென்சன் 1947இல் டென்மார்க் கூட்டுறவு அமைப்பான எஃப்டிபிக்காகச் செய்த ஜே39 நாற்காலியும் அதே கயிறுதான். எளிய குடும்பங்களுக்கும் நல்ல நாற்காலி கிடைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். இந்த இரண்டிலும் கயிறு நான்கு சட்டங்களையும் சுற்றி மூலையிலிருந்து நடுவை நோக்கி வரும். இன்னொரு டேனிஷ் வடிவமைப்பாளரான நீல்ஸ் ஓட்டோ மொல்லர் வழி வேறு. அவருடைய 71ஆம் எண் (1951), 78ஆம் எண் (1962) நாற்காலிகளில் சட்டத்தின் உட்புறம் வரிசையாக வளைந்த ஆணிகள் இருக்கும். கயிறு அவற்றில் மாட்டி நெட்டுக்கும் குறுக்குக்குமாக நெய்யப்படும். நாற்காலியைக் கவிழ்த்தால் எந்த வகை என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். என்னுடையதில் ஆணி வரிசை இல்லை. ஆகவே மூலைப் பின்னல்.

முத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. அது காலத்தைச் சொல்ல நன்றாகவே உதவும். எடுத்துக்காட்டாக, ஃபிரான்ஸ் அண்டு டாவர்கோசன் என்று பதித்த டேனிஷ் நாற்காலி 1957க்கு முந்தியது. அந்த ஆண்டுதான் நிறுவனத்தின் பெயர் ஃபிரான்ஸ் அண்டு சன் என்று மாறியது. ஆனால் உலோக வில்லையைக் கழற்றி வேறொன்றில் பதிக்க இரண்டு நிமிடம் போதும். சட்டத்தின் இணைப்பை அப்படி மாற்றிப் பதிக்க முடியாது. ஈட்டி (ரோஸ்வுட்) வகையில் பிரேசில் மரத்தால் செய்தவை கண்ணில் பட்டால் இன்னொரு எச்சரிக்கை: அந்த மரம் 1992 முதல் அழியும் உயிரினங்களுக்கான பன்னாட்டு வணிக ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. நாடு விட்டு நாடு கொண்டுபோக உரிய சான்று இல்லாமல் முடியாது. எவ்வளவு பழைய அலமாரியாக இருந்தாலும் அதேதான். தேக்கில் இந்தச் சிக்கல் இல்லை.

வாங்கும்போது நான் செய்யும் சோதனை எளிது. முன் சட்டத்தில் ஒரு முழங்காலை ஊன்றி, முதுகுப்பட்டையை இரு கையாலும் பிடித்து மெல்ல முன்னும் பின்னும் திருக வேண்டும். இறுகிய நாற்காலி முழுதாக ஒரே உடம்பாக நகரும். தளர்ந்தது எந்த மூட்டில் தளர்ந்ததோ அங்கே மயிரிழை அளவு இடைவெளி திறந்து மூடும். என்னுடையதில் பின்கால்கள் பக்கச் சட்டங்களைச் சந்திக்கும் இரண்டு இடமும் திறந்தன. அதில் ஆச்சரியமில்லை. சாய்ந்து உட்காரும் ஒவ்வொருவரும் பின்மூட்டைத்தான் நெம்புகிறார்கள். முன்மூட்டுகள் அசையவில்லை. பூச்சித் துளை இல்லை. கால் விரிசல் இல்லை. இடப் பக்கப் பின்மூட்டில் மட்டும் யாரோ இரும்பு எல் பட்டையை வைத்து நான்கு திருகாணிகளால் முடுக்கியிருந்தார்கள்.

அந்த இரும்புப் பட்டையை நான் எங்கே பார்த்தாலும் எரிச்சல் வரும். மரம் ஈரக்காற்றில் உப்பும், வறண்ட காற்றில் சுருங்கும், இரும்பு அசையாது. மூட்டுக்குள் பசை விட்டுப்போயிருக்கும்போது வெளியிலிருந்து பட்டையைப் போட்டால் ஆட்டம் நிற்காது, திருகாணித் துளைகளின் வழியே மரம்தான் பிளக்கும். தளர்ந்த மூட்டுக்கு ஒரே வைத்தியம் பிரிப்பது. பிரித்து, பழைய பசையைச் சுரண்டி, மறுபடி ஒட்டுவது.

முதலில் இருக்கையை அறுத்தேன். முன்பக்கம் நான்கைந்து கயிறுகள் அறுந்து தொங்கின, மற்றவை பழுப்பேறி எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தன. அறுப்பதற்கு முன் மேலும் கீழுமாகப் படம் எடுத்துக்கொண்டேன். ஒரு முழ நீளத் துண்டையும் எடுத்து வைத்தேன்: புதுக் கயிறு வாங்கும்போது பருமனையும் முறுக்கையும் ஒப்பிட இதைவிட நல்ல அளவுகோல் இல்லை. இந்தக் கயிறு மூன்று இழைகளை முறுக்கிய கிராஃப்ட் காகிதம், அதாவது உறுதியான பழுப்புக் காகிதம். பருமன் பொதுவாக 3 மில்லிமீட்டர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், இருக்கை பின்னப் பயன்பட்ட கடற்புல் கிடைக்காமல் போனபோது அதற்கு மாற்றாக டென்மார்க்கில் வந்தது; போர் முடிந்து புல் திரும்பி வந்தபிறகும் காகிதம் தன் இடத்தை விடவில்லை. முறுக்கு பளிச்சென்று தெரியும் வகை ஒன்று, இழைகள் இறுகி மழமழவென்று இருக்கும் வகை இன்னொன்று. என் துண்டு இரண்டாவது வகை.

கயிற்றை எடுத்தபின் சட்டங்களில் வெளிச்சமே படாத மரம் வெளிப்பட்டது. வெளியே காபிக்கொட்டை நிறத்தில் முதிர்ந்த தேக்கு, உள்ளே பழுப்பு மஞ்சளாக இருந்தது. பழைய சின்ன ஆணிகளைச் சுற்றி மட்டும் மைத்துளி போலக் கறுப்பு வட்டம். அது அழுக்கு அல்ல, இரும்பும் மரத்தின் துவர்ப்பும் ஈரத்தில் சேர்ந்த கறை. சுரண்டினால் ஆழமாகப் போய்க்கொண்டே இருக்கும். ஆக்சாலிக் அமிலத்தை வெந்நீரில் கரைத்துத் தடவினால் கறை தானாக வெளுக்கும். பிறகு தண்ணீரால் நன்றாகத் துடைத்து எடுக்க வேண்டும். அந்தத் தூள் நச்சு. கையுறை போடாமல் தொடக் கூடாது, காய்ந்தபின் அந்த இடத்தை முகமூடி இல்லாமல் தேய்க்கவும் கூடாது. கயிறு மூடப்போகும் இடம் என்பதால் நான் வெளியே தெரியும் இரண்டு வட்டங்களை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை விட்டேன்.

இனி மூட்டு. முதல் வேலை அடையாளமிடுவது. ஒவ்வொரு மூட்டிலும் இருபுறமும் காகித நாடா ஒட்டி, அ-அ, ஆ-ஆ என்று எழுதினேன். இரண்டு பக்கச் சட்டங்களும் பார்வைக்கு ஒன்றாகவே இருக்கும். ஆனால் முளைத் துளைகள் (மூட்டைப் பிணைக்கும் உருண்டை மரக்குச்சிகள் நுழையும் துளைகள்) ஒன்றுக்கொன்று மில்லிமீட்டர் கணக்கில் மாறியிருக்கும்.

எல் பட்டையின் திருகாணிகள் துருப்பிடித்து இறுகியிருந்தன. பழுக்கக் காய்ச்சிய சால்டரிங் இரும்பின் நுனியைத் திருகாணித் தலையில் சற்று நேரம் வைத்து எடுத்து, ஆறியபின் திருகினால் பெரும்பாலும் வந்துவிடும். சூட்டில் இரும்பு விரிந்து சுற்றியுள்ள மரத்தை நெருக்கி, ஆறும்போது தான் மட்டும் சுருங்கிப் பிடியைத் தளர்த்துகிறது. மூன்று வந்தன. நான்காவதன் தலை முறிந்தது. உள்ளே சிக்கிய தண்டைச் சுற்றி ஒரு சின்ன உள்ளீடற்ற துளைக்கருவியால் மரத்தோடு சேர்த்துக் குடைந்து எடுத்து, தேக்குத் துண்டில் செதுக்கிய அடைப்பை ரேகை பொருந்துமாறு திருப்பி வைத்து ஒட்டினேன்.

பசை என்ன பசை என்று கண்டுபிடிப்பதில்தான் மீதி எல்லாம் அடங்கியிருக்கிறது. மூட்டின் ஓரத்தில் வழிந்து உறைந்த ஒரு துணுக்கை உளி முனையால் பெயர்த்தேன். தேன் நிறம். உடைத்தால் கண்ணாடிச் சில்லு போல நொறுங்கியது. வெந்நீரில் போட்டதும் சற்று நேரத்தில் வழவழப்பாகி, விரலில் பிசுபிசுத்தது; நனைந்த தோலின் வாடை. சந்தேகமே இல்லை, வச்சிரம். விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் பழைய தச்சுப் பசை. இன்றைய தச்சர்கள் போடும் வெள்ளைப் பசையாக (பிவிஏ) இருந்தால் நொறுங்காது, ரப்பரைப் போல வளையும்; தண்ணீரில் போட்டால் பால் நிறமாகும்.

வச்சிரமாக இருந்தது என் அதிர்ஷ்டம். வெப்பமும் ஈரமும் பட்டால் அது இளகும். மருத்துவ ஊசியில் வெந்நீர் எடுத்து மூட்டின் வெடிப்பில் சொட்டுச் சொட்டாக இறக்கி, முடி உலர்த்தும் கருவியால் வெளியே சூடு காட்டிக்கொண்டே காத்திருந்தேன். அவசரப்பட்டு அடித்தால் முளை உள்ளேயே முறியும். கொஞ்சம் இளகியதும் கிளாம்பின் (திருகி இறுக்கிப் பிடிக்கும் கருவி) தாடைகளை எதிர்ப்பக்கமாக மாற்றிப் பொருத்தி, இரண்டு கால்களுக்கும் நடுவில் வைத்து வெளிப்பக்கமாகத் தள்ளவிட்டேன். திருகைக் கால் சுற்று திருகுவது, வெந்நீர், சூடு, மறுபடி கால் சுற்று. துணி சுற்றிய கட்டையை வைத்துக் கொட்டாப்புளியால் இலேசாகத் தட்ட, வலப் பக்கச் சட்டம் 'பளக்' என்று கழன்றது. இடப் பக்கம், எல் பட்டை இருந்த பக்கம், பிடிவாதம் பிடித்தது. பட்டையை மாட்டியவர் வெடிப்புக்குள் வெள்ளைப் பசையையும் ஊற்றியிருந்தார். அதற்கு வெறும் வெந்நீர் போதவில்லை; வெதுவெதுப்பான வினிகரை ஊசியில் ஏற்றி, துணியையும் அதில் நனைத்து மூட்டைச் சுற்றிப் போர்த்தி இரவு முழுக்க விட்டேன். காலையில் பிடி விட்டது.

அசையாத முன்மூட்டுகளை நான் தொடவில்லை. எல்லாவற்றையும் பிரித்துப் புதிதாக்கும் ஆசை சிலருக்கு வரும். ஐம்பது அறுபது வருடம் தாங்கிய மூட்டைத் திறப்பதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

உள்ளே ஒவ்வொரு மூட்டிலும் இரண்டிரண்டு மரமுளைகள், பீச் மரத்தில் கடைந்தவை. மூன்று நன்றாகவே இருந்தன. ஒன்று துளைக்குள் முறிந்து நின்றது. முறிந்த முளையை எடுக்க, அதன் நடுவில் சின்னத் துளையிட்டு, படிப்படியாகப் பெரிய அலகுக்குப் போக வேண்டும். கடைசியில் மெல்லிய ஓடு போல ஒரு வளையம் மட்டும் சுவரோடு ஒட்டியிருக்கும். அதைக் குறுகிய உளியால் நடுப்பக்கமாக உள்ளே சரித்தால் பெயர்ந்துவரும். ஒரேயடியாக முழு அலகைப் போட்டுக் குடைந்தால் துளை சாய்ந்துவிடும். சாய்ந்த துளையில் நுழைந்த முளை காலையும் சாய்த்துவிடும்.

பழைய பசையை எடுக்க உப்புத்தாள் கூடாது. முளையைத் தேய்த்தால் அதன் பருமன் குறையும், பருமன் குறைந்த முளை மறுபடி ஆடும். வெந்நீரில் நனைத்த பல் துலக்கும் தூரிகை, பிறகு மொட்டைக் கத்தியால் சுரண்டல், அவ்வளவுதான். வச்சிரத்தில் இன்னொரு வசதி: புதிய வச்சிரம் பழைய வச்சிரத்தை மீண்டும் கரைத்து அதனோடு சேர்ந்துகொள்ளும், ஆகவே மரத்தின் நுண்துளைகளில் மிஞ்சிய எச்சம் தொந்தரவு செய்யாது. வெள்ளைப் பசை அப்படி இல்லை. காய்ந்த வெள்ளைப் பசையின் மேல் எந்தப் பசையும் உருப்படியாகப் பிடிக்காது. இடப் பக்க மூட்டில் அதைத் துளி விடாமல் சுரண்டி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

எந்தப் பசையால் திரும்ப ஒட்டுவது? வலிமையைக் கேட்டால் எபாக்ஸி, இரண்டு பொருள்களைக் கலந்து போடும் செயற்கைப் பசை. வசதியைக் கேட்டால் வெள்ளைப் பசை. நான் வச்சிரத்தையே தேர்ந்தேன். இந்த நாற்காலி இன்று என் கைக்கு உயிரோடு வந்ததே, முதலில் செய்தவன் திறக்கக்கூடிய பசையைப் போட்டதால்தான். எபாக்ஸி போட்ட மூட்டு ஒருநாள் விட்டுப்போனால், அடுத்தவருக்கு ரம்பம்தான் வழி. வச்சிரத்துக்குக் குறையும் உண்டு: தொடர்ந்து ஈரமும் வெப்பமும் படும் இடத்தில் நிற்காது. தோட்டத்தில் போடும் நாற்காலிக்கு அது ஆகாது. வீட்டுக்குள் மேஜையோரம் நிற்கப்போவதற்கு அது போதும்.

பாரம்பரிய முறையில் வச்சிரக் கட்டியைத் தண்ணீரில் ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த இன்னொரு பாத்திரத்தில் 60 டிகிரி செல்சியஸ் அளவில் சூடாக்க வேண்டும். கொதிக்கவிட்டால் வலு போய்விடும். சிக்கல் என்னவென்றால் ஆற ஆற உறைந்துவிடும். தடவி, கோத்து, கிளாம்ப் போட நேரம் மிகக் குறைவு. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சேர்க்க வேண்டிய நாற்காலிக்கு அது பதற்றமான வேலை. அறை வெப்பத்திலேயே திரவமாக இருக்கும் வச்சிரம் புட்டியில் கிடைக்கிறது. யூரியா சேர்த்து உறைவதைத் தாமதப்படுத்தியது. அதையே வாங்கினேன். புட்டியின் தேதியைப் பார்த்து வாங்க வேண்டும், பழசானால் பிடிக்காது.

தேக்கு எண்ணெய் மரம். அதன் இயற்கை எண்ணெய் பசையைத் தள்ளும். மூட்டில் தேக்கு முகங்கள் தொடும் இடங்களை அசிட்டோன் நனைத்த துணியால், துணியில் மஞ்சள் ஏறுவது குறையும்வரை துடைத்து, ஆவியானதும் உடனே பசை தடவ வேண்டும். மறுநாளைக்கு வைத்தால் உள்ளிருந்து எண்ணெய் மறுபடி மேலே வந்துவிடும்.

பசை இல்லாமல் ஒருமுறை முழுதாகக் கோத்துப் பார்த்தேன். கிளாம்புகள் எங்கே, அடியில் வைக்கும் மரத்துண்டுகள் எங்கே, எது முதலில், எது பிறகு என்பதையெல்லாம் அந்த ஒத்திகையிலேயே முடிவு செய்துவிட வேண்டும். புது முளையில் நீளவாக்கில் பள்ளம் இருந்தது நல்லது. இல்லாவிட்டால் துளையின் அடியில் சிக்கிய காற்றும் பசையும் வெளியேற வழியின்றி முளையை உள்ளே போகவிடாது. பிறகு பசை: துளைச் சுவரிலும் முளையிலும், இரண்டிலும். கோத்து, கிளாம்பை மெல்ல இறுக்கி, இருக்கைச் சட்டத்தின் மூலைவிட்டங்களை அளந்தேன். முன் இடமிருந்து பின் வலம், முன் வலமிருந்து பின் இடம். இரண்டும் சமமாகும்வரை ஒரு கிளாம்பைச் சற்றே சாய்த்து இழுத்தேன். சமதளக் கல்லில் நிறுத்தினால் நான்கு கால்களும் தொட வேண்டும். தொட்டன. பிதுங்கிய பசையை ஈரத்துணியால் அப்போதே துடைத்தாயிற்று. வச்சிரத்தில் இதுவும் ஒரு நிம்மதி. காய்ந்தபின் கண்ணில் பட்டால்கூட வெந்நீர்த் துணி போதும். ஒரு முழு நாள் கிளாம்பிலேயே விட்டேன்.

பாலிஷ் வேலையைப் பலரும் பெரிதாக எழுதுவார்கள். எனக்கு அது இந்த நாற்காலியில் மிகச் சிறிய பகுதி. அழுக்கை டர்பன்டைன் நனைத்த மெல்லிய எஃகுப் பஞ்சால் ரேகை போகும் திசையில் துடைத்தேன், பின்கால் அடியில் இருந்த இரண்டு பள்ளங்களை ஈரத்துணி வைத்து இஸ்திரிப் பெட்டியின் நுனியால் ஆவி காட்டி எழுப்பினேன். நசுங்கிய நார் தண்ணீரைக் குடித்து எழுந்துவிடும். நார் அறுந்திருந்தால் மட்டும் எழாது. உப்புத்தாளை 240ஆம் எண்ணுக்குக் கீழே எடுக்கவில்லை, அதையும் சொரசொரப்பான இடங்களில் மட்டும். கட்டித் தேக்கில் கொஞ்சம் தேய்த்தாலும் பாதகமில்லை. வெனீர் எனும் மெல்லிய மரத்தாள் ஒட்டிய அலமாரியில் இந்த ஆசை ஆபத்து: அந்தக் காலத்து வெனீர் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, ஏற்கெனவே யாராவது ஒருமுறை தேய்த்திருந்தால் மிஞ்சியது காகிதம். விளிம்பில் திடீரென்று வேறு நிறம் தெரிந்தால் அது அடிமரம். அதற்குமேல் எந்த எண்ணெயும் அதை மறைக்காது.

'டீக் ஆயில்' என்று புட்டியில் இருப்பது தேக்கிலிருந்து எடுத்ததல்ல. பெரும்பாலும் ஆளிவிதை எண்ணெயோ டங் எண்ணெயோ கொஞ்சம் வார்னிஷும் கரைப்பானும் சேர்ந்த கலவை. மெல்லிதாகத் தடவி, கால் மணி நேரத்தில் மிச்சத்தை முழுக்கத் துடைத்துவிட வேண்டும். மேலே விட்டால் பிசுபிசுத்துத் தூசியைச் சேர்க்கும். அடுத்த நாள் இன்னொரு பூச்சு. தேய்த்த இடம் முதலில் திட்டுத்திட்டாக வெளிறித் தெரிந்தது, வெளிச்சத்தில் வைக்க வைக்கச் சுற்றியிருந்த நிறத்தை எட்டிப் பிடித்தது.

எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காய்வது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து. அதில் வெப்பம் பிறக்கிறது. விரித்த துணியில் அந்த வெப்பம் கலைந்துவிடும். சுருட்டிய துணிக்குள் அது வெளியேற வழியில்லாமல் சேர்ந்து, நெருப்புக் குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். வெளியே தனித்தனியாக விரித்துக் காயவிட வேண்டும், அல்லது தண்ணீர் நிறைந்த தகர டப்பாவில் அமிழ்த்த வேண்டும்.

கயிறு பின்னுவதுதான் எனக்குப் பிடித்த கட்டம். கையில் தோல் உரியும் என்பதால் சுட்டுவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் மருத்துவ நாடாவைச் சுற்றிக்கொண்டு தொடங்கினேன். கயிற்றைத் தண்ணீரில் ஊறப்போடக் கூடாது, அது காகிதம், முறுக்கு பிரிந்துவிடும். ஈரக்கையால் ஒருமுறை நீவினால் வளைவதற்குப் போதும். காய்ந்ததும் இன்னும் கொஞ்சம் இறுகும்.

முன் சட்டம் பின் சட்டத்தைவிட நீளமானது, இருக்கை பின்னால் ஒடுங்குகிறது. எனவே முதலில் முன்மூலைகள் இரண்டையும் மட்டும் துண்டுக் கயிறுகளால் நிரப்பி, முன்னால் மிஞ்சும் இடைவெளியைப் பின் சட்டத்தின் நீளத்துக்குச் சமமாக்க வேண்டும். ஒரு துண்டின் நுனியை இடச் சட்டத்தின் உட்புறம் சின்ன ஆணியால் பிடிக்கிறோம். கயிறு முன் சட்டத்தின் மேலாகப் போய்க் கீழே இறங்கி, அடியால் உள்ளே வந்து மேலே எழுகிறது. எழுந்ததும் இடச் சட்டத்தின் மேலாகத் திரும்பி, அதையும் சுற்றி அடியால் உள்ளே வருகிறது. அங்கிருந்து நேரே வலப் பக்கம் ஓடி, வலச் சட்டத்தைச் சுற்றி, பிறகு முன் சட்டத்தைச் சுற்றி, வலச் சட்டத்தின் உட்புறம் இன்னொரு ஆணியில் முடிகிறது. ஒவ்வொரு மூலையிலும் இரண்டாவது சுற்று முதல் சுற்றின் மேல் குறுக்கே படியும்போது, மூலையிலிருந்து 45 பாகையில் ஒரு சாய்கோடு பிறக்கும். அந்தக் கோடு நேராகப் போகிறதா என்பதை மூலைமட்டம் வைத்து ஆரம்பத்திலேயே பார்த்துக்கொண்டே வர வேண்டும். முதல் சில சுற்றுகளில் கோணம் தவறினால் பிறகு திருத்த வாய்ப்பே கிடையாது.

இடைவெளி சமமானதும் தொடர் கயிறு. முன் இடம், முன் வலம், பின் வலம், பின் இடம் என்று நான்கு மூலைகளையும் சுற்றிச் சுற்றி வரும். 120 மீட்டரையும் ஒரே நீளமாக இழுத்துக்கொண்டு போக முடியாது. கையாளும் அளவுக்கு வெட்டி, சிறு சுருளாகக் கட்டி நடுத் துளையின் வழியே விட்டு எடுத்தேன். முடிச்சு எப்போதும் அடிப்புறத்தில், பக்கச் சட்டத்திலிருந்து நடுவுக்கு வரும் ஓட்டத்தில் விழுமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். இழுவை ஒரே சீராக இருக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். சீராக இருக்கச் சொல்வது எளிது. நான் கண்ட வழி, சுற்றி முடித்த கயிற்றை ஒரு கையின் கட்டைவிரலால் சட்டத்தோடு அழுத்திப் பிடித்துவிட்டு, அடுத்த மூலைக்கு மற்றக் கையால் இழுப்பது. பிடியை விடாதவரை கயிறு பின்னோக்கிச் சறுக்காது. சில சுற்றுகளுக்கு ஒருமுறை மரக்கட்டையின் விளிம்பை வைத்துத் தட்டி, கயிறுகளை நெருக்கினேன். நெருக்கும்போது நிரம்பியதாக நினைத்த இடத்தில் இன்னும் இரண்டு சுற்றுக்கு இடம் பிறந்துவிடும்.

மேல் அடுக்குக்கும் கீழ் அடுக்குக்கும் நடுவே ஒரு பை உருவாகிறது. அதற்குள் கெட்டி அட்டையை முக்கோணமாக வெட்டிச் செருகினேன், மூலைக் கோட்டுக்கு ஓரளவு தள்ளி. சட்டத்தின் உள்விளிம்பில் கயிறு உராய்ந்து அறுபடாமல் காக்கும், இருக்கையும் தொய்யாது. இந்த நாற்காலியில் முன்பக்கக் கயிறுகள் அறுந்த இடம் சரியாகச் சட்டத்தின் கூர்மையான உள்விளிம்பு. புதுக் கயிறு போடுமுன் அந்த விளிம்பை உப்புத்தாளால் கொஞ்சம் மழுக்கியிருந்தேன்.

இருக்கையின் அகலம் ஆழத்தைவிட அதிகம் என்பதால் பக்கச் சட்டங்கள் முதலில் நிரம்பிவிடும். முன்னும் பின்னும் நடுவில் கொஞ்சம் இடம் காலியாக நிற்கும். அதை எட்டு வடிவத்தில் மூட வேண்டும்: முன் சட்டத்தைச் சுற்றி அடியால் வந்து, நடு வெடிப்பின் வழியே மேலே ஏறி, பின் சட்டத்தைச் சுற்றி அடியால் வந்து, அதே வெடிப்பில் மீண்டும் மேலே. கடைசிச் சில சுற்றுகளில் விரல் நுழையாது. வளைந்த மொட்டைக் கம்பியால் கயிற்றைக் கொக்கி போட்டு இழுத்தேன். இறுதி நுனியை அடிப்புறத்தில் இரண்டு கயிறுகளோடு முடிந்து, மிச்சத்தை உள்ளே திணித்தாயிற்று.

பின் சட்டத்தின் உட்புறம், கயிறு மறைக்காத இடத்தில், ஒரு சின்னக் காகிதம் ஒட்டியிருக்கிறேன்: எந்த ஆண்டு, எந்த இரண்டு மூட்டுகள், என்ன பசை, எந்த முளை புதிது. இரும்புப் பட்டையை மாட்டியவர் இப்படி ஒரு வரி எழுதி வைத்திருந்தால் எனக்கு ஒரு இரவு வினிகர் வேலை மிச்சமாகியிருக்கும்.

புதுக் கயிறு ஆரம்பத்தில் உட்காரும்போதெல்லாம் கிறீச்சிடும். சில வாரம் புழங்கினால் அடங்கிவிடுகிறது. எண்ணெயோ மெழுகோ அதற்குத் தேவையில்லை. தூசிக்குத் தூரிகை போதும். ஏதாவது சிந்திவிட்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, நன்றாகப் பிழிந்த துணியால் இருக்கை முழுவதையும் ஒரே சீராகத் துடைக்க வேண்டும், ஓர் இடத்தை மட்டும் துடைத்தால் ஈர வளையம் நின்றுவிடும்.